தொழில்நுட்ப கன்சல்டிங் நேர்காணலுக்குத் தயாராவது எப்படி: கல்லூரி மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தொழில்நுட்ப ஆலோசகர் பணிக்காக மாணவர்களை நேர்காணும் பொறுப்பில் சில ஆண்டுகள் இருந்திருக்கிறேன். அந்த அறையில் ஒரே காட்சியைப் பலமுறை பார்த்தேன். மாணவர் தம் இறுதியாண்டு ப்ராஜெக்டைப் பற்றி ஐந்து நிமிடம் தங்குதடையின்றிப் பேசுவார். எந்த நிரல்மொழி, எந்தத் தரவுத்தளம், துல்லியம் எத்தனை சதவீதம் என்று எல்லாம் வரிசையாக வரும். "சரி, இதை யார் பயன்படுத்துவார்கள்? அவர்கள் இப்போது இந்த வேலையை எப்படிச் செய்துகொண்டிருக்கிறார்கள்?" என்று கேட்டதும் பேச்சு நின்றுவிடும். அந்த மாணவருக்கு அறிவு குறைவில்லை. அப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்பதையே அதுவரை யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

மென்பொருள் உருவாக்குநர் பணிக்கான நேர்காணலில் "இவரால் இதைக் கட்ட முடியுமா?" என்பது முதன்மையான கேள்வி. கன்சல்டிங் நேர்காணலிலும் அந்தக் கேள்வி உண்டு, ஆனால் அதற்கு மேலே இன்னொன்று இருக்கிறது: "இவரை அடுத்த மாதம் ஒரு வாடிக்கையாளருக்கு முன்னால் உட்கார வைக்கலாமா?" நேர்காணலின் எல்லாச் சுற்றுகளும், அவற்றின் பெயர் எதுவாக இருந்தாலும், இந்த ஒரு கேள்விக்குத்தான் விடை தேடுகின்றன. கீழே சொல்லியிருக்கும் படிகளை இதை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால், ஒவ்வொன்றும் ஏன் தேவைப்படுகிறது என்பது விளங்கும்.

முதல் படி: அந்த வேலை என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள்

"ஏன் கன்சல்டிங்?" என்ற கேள்வி ஏறக்குறைய எல்லா நேர்காணலிலும் வரும். "பலவிதமான துறைகளில் கற்றுக்கொள்ளலாம்" என்ற விடையை நேர்காண்பவர் அன்று காலையிலேயே பத்து முறை கேட்டிருப்பார். வேலையின் உண்மையான தன்மையை அறிந்திருந்தால் உங்கள் விடை தானாகவே வேறுபடும்.

இந்தத் தொழிலின் தொடக்கத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாக 1954ஆம் ஆண்டைச் சுட்டுவார்கள். அமெரிக்காவின் லூயிவில் நகரில் இருந்த ஜெனரல் எலக்ட்ரிக் ஆலையில், ஊழியர்களின் சம்பளக் கணக்கைப் போடுவதற்காக யூனிவாக் கணினி நிறுவப்பட்டது. ஆலைக்கு அந்த வேலையைச் செய்துகொடுத்தது ஆர்தர் ஆண்டர்சன் என்ற கணக்குத் தணிக்கை நிறுவனம். அதன் ஆலோசனைப் பிரிவுதான் பிற்காலத்தில் தனியாகப் பிரிந்து, 2001 ஜனவரியில் அக்சென்சர் என்ற பெயரை ஏற்றது. கணினி தயாரித்தவர் ஒருவர், சம்பளம் கொடுக்க வேண்டியவர் இன்னொருவர், இரண்டுக்கும் நடுவில் நின்று "உங்கள் கணக்கு இந்த இயந்திரத்தில் இப்படித்தான் நடக்கும்" என்று பொறுப்பேற்றவர் மூன்றாமவர். எழுபது ஆண்டுகள் கடந்தும் ஆலோசகரின் இடம் அந்த நடுவிடம்தான்.

இன்று அந்த நடுவிடத்தில் பல வகை வேலைகள் நடக்கின்றன. நிறுவனத்தின் பழைய கணினி அமைப்புகளைக் கிளவுடுக்கு மாற்றுவது, சாப் (SAP), சேல்ஸ்ஃபோர்ஸ் போன்ற பெரிய மென்பொருள்களை வாடிக்கையாளரின் நடைமுறைக்கு ஏற்ப நிறுவுவது, சிதறிக் கிடக்கும் தரவுகளை ஒழுங்குபடுத்துவது, தகவல் பாதுகாப்பைச் சோதிப்பது, எந்தத் தொழில்நுட்பத்தில் முதலீடு செய்வது என்று நிர்வாகத்துக்கு ஆலோசனை சொல்வது ஆகியவை முக்கியமானவை. ஓர் எடுத்துக்காட்டு: சாப் நிறுவனம் தன் பழைய வணிக மென்பொருள் தொகுப்புக்கான வழக்கமான பராமரிப்பு 2027 இறுதியோடு முடியும் என்று அறிவித்திருக்கிறது. உலகெங்கும் ஏராளமான நிறுவனங்கள் புதிய பதிப்புக்கு மாறியாக வேண்டிய நிலையில் இருப்பதற்கும், அதற்கு ஆள் தேவைப்படுவதற்கும் அது ஒரு காரணம். நீங்கள் விண்ணப்பிக்கும் பிரிவு இவற்றில் எதைச் செய்கிறது என்பதை வேலை அறிவிப்பிலிருந்தும், அங்கே பணிபுரியும் மூத்த மாணவர்களிடமிருந்தும் கேட்டறியுங்கள். ஒரே நிறுவனத்துக்குள் வியூகப் பிரிவின் நேர்காணலும் செயலாக்கப் பிரிவின் நேர்காணலும் இரண்டு வேறு தேர்வுகள் போல இருக்கும். முதலாவதில் கேஸ் (ஒரு நிறுவனத்தின் சிக்கலைச் சொல்லி உங்கள் பரிந்துரையைக் கேட்கும் பகுதி) அதிகம், இரண்டாவதில் தொழில்நுட்பக் கேள்விகள் அதிகம்.

இரண்டாம் படி: ரெஸ்யூமேயைக் கேள்விகளின் பட்டியலாகப் படியுங்கள்

ரெஸ்யூமே ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். அதைவிட முக்கியமானது, அதில் உள்ள ஒவ்வொரு வரியும் நேர்காண்பவருக்கு ஒரு கேள்வியைத் திறந்து கொடுக்கிறது என்பதை உணர்வது. "இயந்திரக் கற்றலில் அனுபவம்" என்று எழுதியிருந்தால், எந்தத் தரவைக் கொண்டு, யாருக்காக, எதனோடு ஒப்பிட்டு என்ற மூன்று கேள்விகளுக்கும் உங்களிடம் விடை இருக்க வேண்டும். விடை இல்லாத வரியை நீக்கிவிடுங்கள். நண்பர் செய்த பகுதியைத் தம் சாதனையாக எழுதிவிட்டு இரண்டாவது கேள்வியிலேயே தடுமாறியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு அவர்கள் சொன்ன உண்மையான செய்திகளும் சந்தேகத்தோடுதான் கேட்கப்பட்டன.

கல்லூரி விழாவுக்குக் கணக்குப் பார்த்தது, விடுதியில் பொறுப்பேற்றது, பகுதிநேர வேலை செய்தது போன்றவற்றைச் சிறியவை என்று விட்டுவிடாதீர்கள். முன்பின் தெரியாத மனிதர்களோடு பேசி ஒரு காரியத்தை முடித்த அனுபவம் இந்த வேலைக்கு நேரடியாகப் பொருந்துவது.

மூன்றாம் படி: சுற்றுகளை அறிந்துகொள்ளுங்கள்

நிறுவனத்துக்கு நிறுவனம் வரிசை மாறும். பொதுவாக முதலில் கணினி வழித் திறனறித் தேர்வு இருக்கும். சில இடங்களில் கோடிங்கும் சேரும். அதன்பின், திரையில் தோன்றும் கேள்விக்குக் கேமராவைப் பார்த்து விடை சொல்லிப் பதிவு செய்யும் சுற்று வரலாம். எதிரில் ஆள் இல்லாததால் பலர் இதில் தடுமாறுகிறார்கள். முன்கூட்டியே கைப்பேசியில் நான்கைந்து முறை பதிவு செய்து பார்த்தால் அந்தத் தடுமாற்றம் பெரும்பாலும் போய்விடும். அடுத்து நேரடிச் சுற்றுகள்: அனுபவக் கேள்விகள், கேஸ், தொழில்நுட்பம், சில இடங்களில் குழு விவாதம். கடைசிச் சுற்று மூத்த மேலாளர் அல்லது நிறுவனத்தின் பங்குதாரர் (பார்ட்னர்) ஒருவரோடு நடக்கும். எத்தனை சுற்று, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம், கேஸ் உண்டா என்று ஆள்தேர்வுப் பிரிவினரிடம் மின்னஞ்சலில் கேட்பதில் தவறேதுமில்லை.

நான்காம் படி: உங்கள் ப்ராஜெக்டை இரண்டு பேருக்குச் சொல்லப் பழகுங்கள்

தயாரிப்புக்கு உங்களிடம் ஒரே ஒரு மாலைப்பொழுதுதான் இருக்கிறது என்றால், அதை இந்தப் படிக்கே செலவிடச் சொல்வேன். நீங்கள் செய்த ஒரு ப்ராஜெக்டை எடுத்துக்கொண்டு, அதை உங்கள் துறை நண்பருக்கு ஒரு முறையும், தொழில்நுட்பம் அறியாத நிதித் தலைவர் ஒருவருக்கு ஒரு முறையும் சொல்லிப் பாருங்கள். இரண்டும் தலா இரண்டு நிமிடத்துக்குள் முடிய வேண்டும்.

நூலகத்தில் எந்தப் புத்தகம் எப்போது திரும்ப வரும் என்று கணிக்கும் ஒரு மென்பொருளை நீங்கள் செய்திருப்பதாக வைத்துக்கொள்வோம். நண்பரிடம் தரவின் அளவு, அதைச் சுத்தப்படுத்திய விதம், முயன்று பார்த்த இரண்டு முறைகள், ஒன்றைத் தேர்ந்த காரணம் ஆகியவற்றைச் சொல்வீர்கள். நிதித் தலைவரிடம் பேச்சு வேறு இடத்தில் தொடங்க வேண்டும்: "தேவை அதிகமுள்ள புத்தகங்களுக்கு மாணவர்கள் வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். கூடுதல் பிரதி வாங்குவதா, கடன் காலத்தைக் குறைப்பதா என்று நூலகருக்குத் தெரியவில்லை. எந்தப் புத்தகத்துக்கு எது தேவை என்பதைக் காட்டும் ஒரு பட்டியலை ஒவ்வொரு வாரமும் அவருக்குத் தருகிறோம்." இதில் தொழில்நுட்பச் சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் யாருக்குச் சிக்கல், அவர் எடுக்க வேண்டிய முடிவு எது, அந்த முடிவுக்கு உங்கள் மென்பொருள் எப்படி உதவுகிறது ஆகிய மூன்றும் இருக்கின்றன.

இதன் பிறகு நேர்காண்பவர் விவரங்களுக்குள் நுழைந்து கேள்வி கேட்பார். "ஏன் இந்தத் தரவுத்தளம்?" என்பதற்கு "அதுதான் எனக்குத் தெரிந்திருந்தது, கால அவகாசம் ஆறு வாரம்தான் இருந்தது" என்பது முற்றிலும் மதிப்புள்ள விடை. காலமும் தெரிந்த திறமையும் உண்மையான கட்டுப்பாடுகள்தானே. "அதுதான் சிறந்தது" என்பது மோசமான விடை. எதற்குச் சிறந்தது என்ற அடுத்த கேள்வியில் அது நொறுங்கிவிடும். பயனர் எண்ணிக்கை நூறு மடங்கு ஆனால் எது முதலில் உடையும், இப்போது திரும்பச் செய்தால் எதை மாற்றுவீர்கள் ஆகிய இரண்டு கேள்விகளுக்கும் கட்டாயம் விடை தயாரித்து வைத்திருங்கள்.

ஐந்தாம் படி: அனுபவக் கேள்விகளுக்கு ஐந்தாறு நிகழ்வுகள்

"குழுவில் கருத்து வேறுபாடு வந்தபோது என்ன செய்தீர்கள்?", "தோற்றுப்போன ஒரு முயற்சியைச் சொல்லுங்கள்", "தெரியாத ஒன்றைக் குறுகிய காலத்தில் கற்ற சந்தர்ப்பம் எது?" போன்ற கேள்விகளுக்கு விடை சொல்ல, ஸ்டார் என்று அழைக்கப்படும் முறையைப் பலரும் பரிந்துரைப்பார்கள். சூழல், உங்கள் பொறுப்பு, நீங்கள் செய்தது, விளைந்தது என்ற நான்கு பகுதிகள் கொண்டது அது. முறை நல்லதுதான், ஆனால் மாணவர்கள் பொதுவாகச் சூழலை விவரிப்பதிலேயே பாதிக்கு மேற்பட்ட நேரத்தைச் செலவிட்டுவிடுகிறார்கள். சூழலுக்கும் பொறுப்புக்கும் சேர்த்து மூன்று, நான்கு வாக்கியங்கள் போதும். நீங்கள் செய்தது என்ற பகுதிதான் விரிய வேண்டும்.

நம்மில் பலரிடம் "நாங்கள் செய்தோம்" என்று சொல்லும் பழக்கம் இருக்கிறது. அது பணிவிலிருந்து வருவது என்றாலும், நேர்காண்பவருக்கு அதிலிருந்து உங்கள் பங்கைப் பிரித்தறிய வழியில்லை. குழுவின் சாதனையைக் குழுவுக்கே கொடுத்துவிட்டு, "அதில் நான் செய்த பகுதி இது" என்று தெளிவாகச் சொல்லுங்கள். அது தற்பெருமை ஆகாது.

தோல்வி பற்றிய கேள்விக்கு, "நான் அளவுக்கு மீறி உழைப்பவன்" என்ற வகையில் தோல்வியே இல்லாத தோல்வியைச் சொல்லாதீர்கள். நீங்கள் தவறாகக் கணித்த ஒரு காலக்கெடு, கேட்டுத் தெளிவுபெறாமல் தொடங்கி வீணான ஒரு வாரம், இப்படி உண்மையான ஒன்றைச் சொல்லி, எப்போது உணர்ந்தீர்கள், யாரிடம் போய்ச் சொன்னீர்கள், அடுத்த முறை எதை மாற்றினீர்கள் என்று தொடருங்கள். யாரிடம் சொன்னீர்கள் என்பதை நான் மிகவும் கவனிப்பேன். வாடிக்கையாளரின் ப்ராஜெக்டில் கெட்ட செய்தியை மறைப்பவர் செய்யும் சேதம், தவறு செய்பவர் செய்யும் சேதத்தைவிடப் பெரியது. மொத்தம் ஐந்தாறு நிகழ்வுகள் போதும். ஒரே நிகழ்வைக் கேள்விக்கேற்ப வெவ்வேறு பக்கத்திலிருந்து சொல்லலாம்.

ஆறாம் படி: கேஸ்

மாணவர்கள் அதிகம் அஞ்சுவது இதற்குத்தான். ஒரு நிறுவனத்தின் சிக்கலை நேர்காண்பவர் சுருக்கமாகச் சொல்வார், இருபது முப்பது நிமிடம் அவரோடு பேசியே ஒரு பரிந்துரைக்கு நீங்கள் வர வேண்டும். சில நிறுவனங்களில் அவரே கேள்விகளை வரிசையாகக் கேட்டு வழிநடத்துவார், சிலவற்றில் எந்தத் திசையில் போவது என்பதை உங்களிடமே விட்டுவிடுவார். ஒரு கேஸை முழுமையாக நடத்திப் பார்ப்பது பத்து விதிகளைப் படிப்பதைவிடப் பயன்தரும்.

சிக்கல் இது: 150 கடைகள் கொண்ட ஒரு சில்லறை விற்பனை நிறுவனம், இணையத்திலும் ஆர்டர் எடுக்கிறது. "வாடிக்கையாளர்கள் எங்களை விட்டுப் போகிறார்கள், புதிய மொபைல் செயலி ஒன்று வேண்டும்" என்று நிர்வாகம் கேட்கிறது. என்ன ஆலோசனை சொல்வீர்கள்?

செயலியை எந்தத் தொழில்நுட்பத்தில் கட்டலாம் என்று உடனே தொடங்குவதுதான் மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. வாடிக்கையாளர் கேட்பது ஒரு தீர்வை, ஆனால் உங்களுக்கு முதலில் வேண்டியது சிக்கல். சொன்னதை உங்கள் வார்த்தையில் ஒருமுறை திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொண்டு, சில கேள்விகளைக் கேளுங்கள். விட்டுப் போகிறவர்கள் யார், கடைக்கு வருபவர்களா, இணையத்தில் வாங்குபவர்களா? எப்போதிலிருந்து? வெற்றி என்று நிர்வாகம் எதை அளக்கும்? அதன்பின், "யோசிக்க ஒரு நிமிடம் எடுத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டுத் தாளில் பிரித்து எழுதுங்கள். அந்த அமைதி உங்களுக்குத்தான் நீளமாகத் தோன்றும், எதிரில் இருப்பவருக்கு அது இயல்பானது.

பிரிக்கும்போது கிளைகள் ஒன்றோடொன்று கலக்கக் கூடாது, சேர்த்துப் பார்த்தால் எதுவும் விடுபடவும் கூடாது. மெக்கின்சி நிறுவனத்தில் பணியாற்றிய பார்பரா மிண்டோ இந்தச் சிந்தனையை வகுத்தவர், மீஸி என்ற சுருக்கப் பெயரில் கன்சல்டிங் வட்டாரம் முழுவதும் அது புழங்குகிறது. இந்தக் கேஸில் வாடிக்கையாளர் செல்லும் வழியையே கிளைகளாக்கலாம்: பொருளைத் தேடுவது, ஆர்டர் செய்வது, பொருள் வந்து சேர்வது, சேர்ந்த பின் வரும் புகாரும் திருப்பி அனுப்புதலும். மனப்பாடம் செய்த சட்டகத்தைவிட, சிக்கலிலிருந்தே பிறக்கும் இத்தகைய பிரிப்பு எப்போதும் மேலானது.

ஒவ்வொரு கிளையிலும் தரவு கேட்கிறீர்கள். நாளொன்றுக்கு 10,000 இணைய ஆர்டர்கள், அவற்றில் 6 சதவீதம் நிறுவனத்தாலேயே ரத்து செய்யப்படுகின்றன என்கிறார் நேர்காண்பவர். அதாவது 600 ஆர்டர்கள். காரணம் கேட்டால், மூன்றில் இரண்டு பங்கு, பொருளை எடுக்கப் போகும்போது அலமாரியில் அது இல்லாததால் நேர்கிறது என்று தெரிகிறது. அது 400. கடைகளின் இருப்புக் கணக்கு மைய அமைப்புக்கு எப்போது வந்து சேர்கிறது என்று கேட்கிறீர்கள். இரவில் ஒருமுறை மட்டும் என்பது விடை. சிக்கல் இப்போது புலப்பட்டுவிட்டது: காலையில் கடையில் விற்றுத் தீர்ந்த பொருள் அன்று முழுவதும் இணையத்தில் இருப்பதாகவே காட்டப்படுகிறது. புதிய செயலி வந்தால், இல்லாத பொருளை இன்னும் அழகாகக் காட்டுவதைத் தவிர வேறொன்றும் நடக்காது.

தீர்வுக்கு வரும்போது ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளை வையுங்கள். இருப்பு மூன்றுக்குக் கீழே போனால் அந்தப் பொருளை இணையத்தில் காட்டாமல் விடுவது ஒரு வழி. சில வாரங்களில் செய்துவிடலாம், ஆனால் விற்கக்கூடிய சில பொருள்களும் மறைந்துபோகும். கால்மணி நேரத்துக்கு ஒருமுறை இருப்பைப் புதுப்பிப்பது இன்னொரு வழி. நிரந்தரமானது, ஆனால் 150 கடைகளின் பில்லிங் இயந்திரங்களும் இணைய இணைப்பும் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து அந்த 400இல் நான்கில் மூன்று பங்கைத் தடுத்தால் நாளொன்றுக்கு 300, ஆண்டுக்கு ஏறக்குறைய 1,10,000 ஆர்டர்கள் காப்பாற்றப்படும். ஓர் ஆர்டரின் சராசரி லாபத்தால் அதைப் பெருக்கினால் இந்த வேலைக்கு எவ்வளவு செலவிடலாம் என்பதற்கு ஓர் எல்லை கிடைக்கும்.

இங்கே நல்ல மாணவர் இன்னொரு கேள்வி கேட்பார்: உடைந்த, திருடுபோன, தவறான அலமாரியில் வைக்கப்பட்ட பொருள்கள் கடையின் கணக்கில் கழிக்கப்படுகின்றனவா? இல்லையென்றால் கணக்கை எவ்வளவு வேகமாக அனுப்பினாலும் தவறான கணக்குத்தான் வேகமாகப் போய்ச் சேரும். கடை ஊழியர்களின் பழக்கத்தை மாற்றுவதும் ப்ராஜெக்டின் ஒரு பகுதி என்று சொல்லும் மாணவரை நான் உடனே குறித்து வைத்துக்கொள்வேன்.

முடிவைச் சொல்லும்போது விடையை முதலில் வையுங்கள்: "செயலியை இப்போது தொடங்க வேண்டாம், இருப்புக் கணக்கை முதலில் சரிசெய்யலாம் என்பது என் பரிந்துரை." பிறகு இரண்டு காரணம், ஒரு முக்கியமான இடர், அடுத்த சில வாரங்களில் பத்துக் கடைகளில் செய்து பார்க்கும் சோதனை. ஒரு நிமிடத்தில் முடித்துவிடலாம். நடுவில் கணக்குத் தவறிவிட்டால், "மன்னிக்கவும், ஒரு பூஜ்ஜியத்தை விட்டுவிட்டேன், திருத்திக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டுத் தொடருங்கள். தவறுக்காக யாரையும் நான் நிராகரித்ததில்லை. தவறைச் சுட்டிக்காட்டிய பிறகும் விடாப்பிடியாக நின்றவர்களை நிராகரித்திருக்கிறேன்.

ஏழாம் படி: மதிப்பீட்டுக் கணக்குகள்

தொழில்நுட்பப் பிரிவில் வரும் மதிப்பீட்டுக் கேள்விகள் பெரும்பாலும் அமைப்பு தாங்க வேண்டிய சுமை பற்றியவை. ஒரு பல்கலைக்கழகத்தில் 20,000 மாணவர்கள், தேர்வு முடிவு வெளியாகும்போது தளம் எத்தனை கோரிக்கைகளைத் தாங்க வேண்டும்? முதல் பத்து நிமிடத்தில் 80 சதவீதத்தினர் வருவார்கள், ஒவ்வொருவரும் ஐந்து பக்கங்களைத் திறப்பார்கள் என்று ஊகங்களை வாய்விட்டுச் சொல்லுங்கள். 16,000 பேர், 80,000 கோரிக்கைகள், 600 விநாடிகள்: விநாடிக்குச் சுமார் 133. எல்லாரும் முதல் நிமிடத்திலேயே முண்டியடிப்பார்கள் என்பதால் மும்மடங்காக்கி 400 என்று வைத்துக்கொள்ளலாம். பெற்றோர்களும் பார்ப்பார்கள் என்றால் அது இரட்டிப்பாகும்.

எண்ணோடு நின்றுவிடாதீர்கள், அதன் பொருளைச் சொல்லுங்கள். ஆண்டில் சில மணி நேரத்துக்கு மட்டும் வரும் இந்தச் சுமைக்காக நிரந்தரமாகச் சர்வர் வாங்குவது வீண். கிளவுடில் அன்றைக்கு மட்டும் திறனைக் கூட்டலாம், முடிவுப் பக்கங்களை முன்பே தயாரித்து வைக்கலாம், அல்லது துறைவாரியாக அரைமணி நேர இடைவெளியில் முடிவை வெளியிட்டால் கூடுதல் செலவே இல்லாமல் கூட்டம் குறையும். கடைசி யோசனையில் கணினி சம்பந்தப்பட்டது எதுவுமில்லை, அதனாலேயே அதைச் சொல்லத் தயங்காதீர்கள். ஒரு நாளுக்கு 86,400 விநாடிகள், ஆண்டுக்கு 8,760 மணி நேரம் என்ற இரண்டு எண்களை நினைவில் வைத்திருந்தால் பல கணக்குகள் எளிதாகும். 99.9 சதவீதம் இயங்கும் என்று உறுதியளிக்கப்பட்ட அமைப்பு ஆண்டுக்கு ஏறக்குறைய எட்டே முக்கால் மணி நேரம் நிற்கலாம், 99.99 சதவீதம் என்றால் 53 நிமிடத்துக்கும் குறைவு. அந்த ஓர் இலக்கத்துக்காக வாடிக்கையாளர் எவ்வளவு செலவிடத் தயார் என்பதுதான் அடுத்த கேள்வி.

எட்டாம் படி: தொழில்நுட்ப அறிவும் தோல்வியடைந்த ப்ராஜெக்டுகளும்

எல்லாவற்றையும் ஆழமாகக் கற்க நேரமிருக்காது. கிளவுடில் உள்கட்டமைப்பாகவும், தளமாகவும், முழு மென்பொருளாகவும் வாடகைக்கு எடுப்பதற்குள்ள வேறுபாடு, இரண்டு அமைப்புகள் ஏபிஐ (மென்பொருள்கள் ஒன்றோடொன்று தரவு பரிமாறிக்கொள்ளும் இடைமுகம்) வழியே பேசுவது, இரவில் மொத்தமாகத் தரவை அனுப்புவதற்கும் உடனுக்குடன் அனுப்புவதற்கும் உள்ள வேறுபாடு, உறவுமுறைத் தரவுத்தளத்தின் அடிப்படை, யாருக்கு எதைப் பார்க்க உரிமை என்பதைக் கட்டுப்படுத்துவது, சோதனையின் வகைகள் ஆகியவற்றை எளிய சொற்களில் விளக்க முடிந்தால் தொடக்க நிலைப் பணிக்கு அது நல்ல அடித்தளம். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, "இப்படி இருக்கலாம் என்று ஊகிக்கிறேன், இதை வைத்துச் சரிபார்ப்பேன்" என்று தொடர்வது மதிக்கப்படும்.

இதோடு, தோல்வியடைந்த பெரிய ப்ராஜெக்டுகள் இரண்டைப் பற்றிப் படித்து வைத்திருங்கள். அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீட்டுத் தளமான ஹெல்த்கேர்.கவ் 2013 அக்டோபர் 1 அன்று திறக்கப்பட்டபோது, முதல் நாளில் ஆறு பேர் மட்டுமே பதிவை முடிக்க முடிந்தது. பல ஒப்பந்ததாரர்கள் தனித்தனிப் பகுதிகளைச் செய்திருந்தார்கள், முழுவதையும் இணைத்துச் சோதிக்கப் போதிய காலம் ஒதுக்கப்படவில்லை. பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் புதிய தளத்துக்கு மாறியபோது, தரவுகள் சரியாகவே போய்ச் சேர்ந்தன, ஆனால் தளம் உடனே கோளாறுகளைச் சந்தித்தது. வாடிக்கையாளர்கள் பலர் தம் கணக்கை அணுக முடியாமல் தவித்தார்கள். 2022 டிசம்பரில் கட்டுப்பாட்டு அமைப்புகள் அந்த வங்கிக்கு 4.865 கோடி பவுண்டு அபராதம் விதித்தன. இவற்றைப் படித்தவர் "தரவை மாற்றிவிட்டால் வேலை முடிந்தது" என்று கேஸில் சொல்லமாட்டார். எல்லாரையும் ஒரே நாளில் மாற்றாமல் சிறு குழுவாக மாற்றலாமா, சிக்கல் வந்தால் பழைய அமைப்புக்குத் திரும்ப வழி உண்டா என்று தாமாகவே கேட்பார்.

ஒன்பதாம் படி: வாய்விட்டுப் பயிற்சி

மனத்துக்குள் கேஸ் தீர்ப்பது பயிற்சி ஆகாது. நண்பர் ஒருவரோடு மாறி மாறி நேர்காண்பவராகவும் மாணவராகவும் உட்காருங்கள். நேர்காண்பவராக உட்காரும்போதுதான், எதிரில் இருப்பவர் எங்கே சுற்றி வளைக்கிறார், எங்கே எண்ணைச் சொல்லிவிட்டு அதன் பொருளைச் சொல்லாமல் விடுகிறார் என்பது உங்களுக்குப் புரியும். பத்துப் பன்னிரண்டு கேஸ்களைக் கவனத்தோடு செய்து, ஒவ்வொன்றின் முடிவிலும் தவறுகளை எழுதி வைப்பது, ஐம்பதை ஓட்டிப் பார்ப்பதைவிட நல்லது.

செயற்கை நுண்ணறிவு உரையாடல் கருவிகளைப் பயிற்சிக்குப் பயன்படுத்துங்கள், மாதிரி வாடிக்கையாளராக நடிக்க வையுங்கள், உங்கள் விடையில் உள்ள ஓட்டைகளைக் கேளுங்கள். நேர்காணல் நடக்கும்போது மறைவாக வைத்துக்கொண்டு படிக்க மட்டும் வேண்டாம். கண் போகும் திசையும், கேள்விக்கும் விடைக்கும் நடுவே விழும் ஒரே அளவான இடைவெளியும் எதிரில் இருப்பவருக்குத் தெரிகின்றன. எழுத்துத் தேர்வில் இந்தக் கருவிகள் அனுமதிக்கப்படுமா என்பது நிறுவனத்தைப் பொறுத்தது, முன்பே கேட்டுவிடுங்கள்.

பத்தாம் படி: நேர்காணல் நாளும் அதற்குப் பின்னும்

இணைய வழி நேர்காணல் என்றால் ஒலியையும் இணைப்பையும் முந்தைய நாளே சோதியுங்கள், இணைப்பு அறுந்தால் அழைக்க வேண்டிய எண்ணைக் கேட்டு வாங்கி வையுங்கள். வெற்றுத் தாளும் பேனாவும் அருகில் இருக்கட்டும்.

கடைசியில் "உங்களுக்குக் கேள்விகள் உண்டா?" என்பார்கள். நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் விடை இருக்கும் கேள்விகளைத் தவிர்த்து, நீங்கள் உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டியவற்றைக் கேளுங்கள். புதிதாகச் சேர்பவர் முதல் ஆறு மாதத்தில் எந்த மாதிரி வேலை செய்வார்? ப்ராஜெக்டை யார் ஒதுக்குகிறார்கள், அதில் நம் விருப்பத்துக்கு இடமுண்டா? ஒரு ப்ராஜெக்ட் முடிந்து அடுத்தது கிடைக்கும்வரை பெஞ்சில் இருக்கும் காலம் எப்படிக் கழியும்? பயணம் எவ்வளவு? எதிரில் இருப்பவர் அண்மையில் செய்த ப்ராஜெக்டில் கடினமாக இருந்தது எது? இந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் விடை, அந்த நிறுவனத்தைப் பற்றி வேறெந்த ஆவணமும் சொல்லாததைச் சொல்லும்.

முடிந்த ஒரு மணி நேரத்துக்குள், மறப்பதற்கு முன்பாக, கேட்கப்பட்ட கேள்விகளையும் நீங்கள் தடுமாறிய இடங்களையும் எழுதிவிடுங்கள். ஒரே நாளில் அடுத்த சுற்று இருந்தால், முந்தைய சுற்றில் தவறிய கேள்விக்கு இடைவேளையிலேயே விடை தேடிப் பாருங்கள். அதே கேள்வி வேறு வடிவில் திரும்ப வருவதுண்டு. நன்றி சொல்லி நான்கு வரியில் ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். பேச்சில் வந்த குறிப்பான ஒரு செய்தியை அதில் சேர்த்தால் போதும். தேர்வாகவில்லை என்ற செய்தி வந்தால், எந்தப் பகுதியில் குறை என்று பணிவாகக் கேளுங்கள், சிலர் விடை தருவார்கள். எத்தனை மாதம் கழித்து மீண்டும் விண்ணப்பிக்கலாம் என்பதையும் அப்போதே கேட்டு, அந்தத் தேதியை, தடுமாறிய இடங்களை எழுதி வைத்த அதே தாளின் தலைப்பில் குறித்துக்கொள்ளுங்கள்.